மணல் இல்லாத ஞாயிறு

அத்தியாயம் பதினொன்று

முப்பத்தோரு வருஷக் குடும்ப வாழ்க்கையில் மேவிஸ் கார்த்வெயிட் தன் கணவனோடு அதிகம் சண்டை போட்டது மணலுக்காகத்தான்.

குளியல் தொட்டியில் மணல், துவைக்கும் மெஷினில் மணல், மெத்தை விரிப்பில் மணல். ஒரு தடவை ரொட்டி டப்பாவில்கூட. கடற்கரையில் மெட்டல் டிடெக்டரை ஆட்டிக்கொண்டே நாலு மணி நேரம் நடந்துவிட்டு வருவான் மால்கம். நேராகக் குளியலறைக்குப் போய்த் தொட்டிக்குள் நின்று காலைக் கழுவுவான். அவன் வெளியே வந்ததும் தொட்டியின் அடியில் இரண்டு கை மணல் கிடக்கும்.

"நான் என்ன பண்ணட்டும், கடல்கிட்ட போய்க் கேளு" என்பான்.

"கடலையா கல்யாணம் பண்ணிக்கிட்டேன்?" என்பாள் மேவிஸ்.

இந்தச் சண்டை வாரத்துக்கு ஒன்றாவது தவறாமல் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் வியாழக்கிழமை காலையில் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தவளின் கை சட்டென்று நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மணலே இல்லை.

நன்றாக ஞாபகம் இருந்தது. மறுநாள் திங்கட்கிழமை பிரஷ்ஷோடு வந்தவள், தொட்டி துடைத்து வைத்த மாதிரி இருப்பதைப் பார்த்து, 'பரவாயில்லையே, மனுஷனுக்குக் கடைசியில் புத்தி வந்துவிட்டது' என்று சந்தோஷப்பட்டாள். பாவம், அவளுக்கு அப்போது என்ன தெரியும்?

பதினோரு நாளைக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமைதான் மால்கம் தங்க மோதிரத்தோடு வீட்டுக்கு வந்தான். நீலக் கல் வைத்தது. உள்பக்கம் பொடி எழுத்து. ஐந்நூறு அறுநூறு வருஷம் இருக்கும் என்று மியூசியத்தில் சொன்னார்கள். ஸ்கெல்விக் கடற்கரையில், செம்பழுப்புக் களிமண் மேடு சரிந்து விழுகிற இடத்துக்குக் கீழே, தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில் கிடைத்தது என்று அவன் சொன்னான். சட்டப்படி உடனே தகவலும் கொடுத்துவிட்டான். ஊரே முதுகில் தட்டிக்கொடுத்தது.

நேற்று சாப்பாட்டு மேஜையில்தான் குண்டைப் போட்டான்.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு மியூசியம் பொண்ணு வருது. மோதிரம் கிடைச்ச இடத்தைக் காட்டணுமாம். பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டுச்சு. நீ என்கூட இருந்தேன்னு சொல்லிட்டேன்."

"நானா? நான் பத்து மணி வரைக்கும் தூங்கிக்கிட்டிருந்தேன்."

"தெரியும். நாளைக்கு அது கேட்டா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, மேவ். அதுக்கு மேல ஒண்ணும் வேணாம்."

ஏன் என்று அவள் கேட்டாள். எழுந்து போய்த் தன் தட்டைத் தானே கழுவி வைத்தான். சந்தேகப்படுவதற்கு வேறு எதுவும் வேண்டாம், அது ஒன்றே போதும்.

*

பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு மேவிஸ் சமையலறைக்கு வந்தாள். மால்கம் டோஸ்ட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். ஓய்வு பெற்ற தச்சன். வெண்ணெயைக்கூட நாலு மூலையும் சரியாக வரும்படி தடவுகிறவன்.

"அன்னிக்கு எந்தப் பக்கம் போனே?" என்று கேட்டாள்.

"என்னிக்கு?"

"மோதிரத்து அன்னிக்கு."

"சொன்னேனே. மேட்டுக்குக் கீழே. பழைய படிக்கட்டுப் பக்கம்."

"காலைக் கழுவினியா வந்து?"

கத்தி ஒரு நொடி நின்றது. "இது என்ன கேள்வி?"

"சும்மா கேட்டேன்."

"கழுவியிருப்பேன். ஞாபகம் இல்ல." டோஸ்ட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். "வலது முட்டி வலிக்குது, கொஞ்சம் நடந்துட்டு வரேன்."

முட்டி வலிக்கிறவன் நடக்கப் போகிறானாம். இந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாத வேலையை அறுபத்துமூன்று வயதில் யாருக்காகச் செய்கிறான் என்பதுதான் அவளை அரித்தது.

அவளுக்குத் தெரிந்து காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். கடற்கரையில் தேட யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. மேட்டுக்கு மேலே இருக்கும் நிலம் அப்படியில்லை. அங்கே மண்ணைத் தொட வேண்டுமானால் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும், கிடைப்பதில் அவருக்கும் பங்கு உண்டு. சம்மதம் இல்லாமல் தோண்டி எடுத்தால் அதற்குப் பெயர் திருட்டு, போகிற இடம் ஜெயில். மேலே தோண்டி எடுத்ததைக் கீழே கிடைத்தது என்று சொல்வது இந்தத் தேடல்காரர்களிலேயே கேடுகெட்டவர்கள் செய்கிற காரியம். அப்படிப்பட்டவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே மால்கம் முகம் சிவந்து மேஜையைக் குத்துவான்.

அந்த மால்கமா?

பின்கதவு தட்டாமலே திறந்தது. இந்த வீட்டில் அப்படி வருகிற ஒரே ஆள் அவள் தம்பி கோலின்தான். மீன் வேன் ஓட்டுகிறவன். இருபது வருஷமாக மால்கமோடு சேர்ந்து தேடுகிறவனும் அவனே. மோதிரம் கிடைத்த ஞாயிறன்று மட்டும் காய்ச்சல் என்று படுத்துவிட்டான். அதனால்தான் மால்கம் தனியாகப் போனான்.

"டீ இருக்காக்கா?"

"வேனை எங்க? சத்தமே கேக்கல."

"கடற்கரை கார் பார்க்குல விட்டிருக்கேன்."

"அவ்ளோ தூரத்துலயா? எப்பவும் என் ஜெரேனியம் தொட்டி மேலதானே ஏத்துவே?"

"அதுக்குத்தான் திட்டுவியே, திருந்திட்டேன்." சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

மேவிஸ் கெட்டிலைப் போட்டாள். காலையில் பால் வாங்கப் போனபோது கடை வாசலில் அந்த வேனைப் பார்த்திருந்தாள். பின்கதவில் புதுப் பூட்டு தொங்கியது, உள்ளங்கை அகலத்துக்கு. மீன் நாற்றத்தைத் திருட யார் வரப்போகிறார்கள் என்று அப்போது தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

கோலின் பிஸ்கட்டை டீயில் முக்கினான். ஜன்னல் வழியாகப் பின்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டான்.

"மச்சான் உன்கிட்ட ஏதாச்சும் கேட்டாரா?"

"எதைப் பத்தி?"

"மியூசியம் பொண்ணு வருதே, அதைப் பத்தி."

"கேட்டா?"

"கேட்டா செஞ்சிடுக்கா. ஒரு வார்த்தைதானே? கேள்வி கேட்டுக்கிட்டு நிக்காத."

மேவிஸ் டீக்கோப்பையை மெதுவாக வைத்தாள். புருஷன் பெண்டாட்டிக்குள் சாப்பாட்டு மேஜையில் நடந்த பேச்சு விடிவதற்குள் இவனுக்கு எப்படித் தெரிந்தது? அப்படியானால் இரண்டு பேரும் கூட்டு. மேலே போய்த் தோண்டியவன் மால்கம், தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பவன் இவன்.

"உனக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டாள்.

"எந்தக் காய்ச்சல்? ஓ... அது அப்பவே போச்சு."

"ரெண்டு மணிக்கு நீயும் வரியா?"

"வராம? நான் மச்சானோட கூட்டாளியாச்சே." பாதி டீயை மிச்சம் வைத்துவிட்டுக் கிளம்பினான். இரண்டாவது கப் கேட்காமல் கோலின் இந்தச் சமையலறையை விட்டுப் போனதாகச் சரித்திரம் இல்லை.

அவன் பார்த்துக்கொண்டிருந்த ஜன்னல் வழியே மேவிஸும் பார்த்தாள். துணிக்கொடிக்குக் கீழே புல்தரை. அதில் நாலைந்து இடத்தில் வட்ட வட்டமாகப் பழுப்பு. இரண்டு கோடைக்கு முன்னால் அவள் அம்மாவின் காதுத் தோடு அங்கே விழுந்துவிட்டது என்று ஆண்கள் இரண்டு பேரும் மெஷினோடு இறங்கினார்கள். மால்கம் புல்லை மூன்று பக்கம் சதுரமாக அறுத்து, நாலாவது பக்கத்தை விட்டுவிட்டு, அலமாரிக் கதவு மாதிரி மடக்கித் திறந்து, தோண்டி, மறுபடி மூடினான். வேர் அறுபடாததால் ஒரு வாரத்தில் அடையாளமே தெரியவில்லை. கோலினுக்கு அந்தப் பொறுமை ஏது? வட்டமாக ஒரே சுற்று அறுத்து, அடை மாதிரி முழுசாகப் பெயர்த்து எடுத்துவிட்டான். அத்தனையும் செத்துப்போனது.

தோடு கடைசியில் அவள் கோட்டுப் பையில் இருந்தது. அதை அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

*

கேரவன் பார்க்கின் லாண்டரியில் மேவிஸுக்கு வேலை. கோடை முடிந்தால் விருந்தாளிகள் குறைவு, ஊர்க்காரர்களின் கம்பளிதான் வரும். ஒரு மணிக்கு பெரில் கிர்க்வுட் இரண்டு நாய்ப் போர்வைகளைக் கொண்டுவந்து மேஜை மேல் போட்டாள்.

பெரிலின் புருஷனுக்குத்தான் மேட்டுக்கு மேலே இருக்கும் மேய்ச்சல் நிலம் முழுவதும் சொந்தம். முன்பு மால்கமுக்கும் கோலினுக்கும் அங்கே தேட அனுமதி கொடுத்திருந்தார். போன வசந்தத்தில் யாரோ வேலிக் கதவைச் சாத்தாமல் வந்துவிட்டார்கள். இரண்டு ஆடு மேட்டிலிருந்து விழுந்து செத்தது. அன்றோடு அனுமதி போயிற்று. மால்கம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய், தப்பு என்னுடையது என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

"உன் வீட்டுக்காரருக்கு வாழ்த்துச் சொல்லணும்னு நினைச்சேன்" என்றாள் பெரில். "மோதிரமாமே."

"ஆமா."

"கடற்கரையிலயாமே."

அந்த 'ஆமே'யில் இருந்த குத்தல் மேவிஸுக்குச் சுருக்கென்றது. "அதுல உனக்கு என்ன சந்தேகம், பெரில்?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. எங்க கீழ்ப் புல்வெளியில எவனோ தோண்டியிருக்கான். அந்த வாரக் கடைசியில ஆட்டை மேல் வயலுக்கு மாத்தியிருந்தோம், அதைத் தெரிஞ்சே வந்திருக்கான். இன்னிக்குக் காலையிலதான் எங்க வீட்டுக்காரர் கண்ணுல பட்டுச்சு. சாயங்காலம் போலீசுக்குப் போன் பண்றேன்னு நிக்கிறாரு." போர்வையை மடிப்பது போலத் தடவினாள். "அந்த மெஷினு வெச்சிருக்கிற ஆளுங்க ஊர்ல எத்தனை பேரு? நீயே எண்ணிக்க."

மேவிஸ் ஏப்ரனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

"என்கிட்ட காட்டு" என்றாள்.

"எதை?"

"தோண்டின இடத்தை. இப்பவே. என் வீட்டுக்காரர்னு ஜாடையா சொல்லிட்டே இல்ல? நான் பாத்துட்டுச் சொல்றேன்."

பெரில் இதை எதிர்பார்க்கவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வழியெல்லாம் மேவிஸ் மனதுக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்: சதுரமாக இருக்கக் கூடாது, கடவுளே, சதுரமாக இருக்கக் கூடாது.

கீழ்ப் புல்வெளி மேட்டு விளிம்பு வரை போய் நிற்கிறது. ஈரம். காற்று கோட்டைப் பிடித்து இழுத்தது. வேலியை ஒட்டி பெரில் விரலை நீட்டினாள்.

"அதோ."

சதுரம் இல்லை. வட்டம்.

மேவிஸுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அப்பாடா, மால் இல்லை! அவள் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காற்று என்று பெரில் நினைத்திருப்பாள். அடுத்த மூச்சிலேயே அந்தச் சந்தோஷம் கல்லாகிவிட்டது. ஒரே சுற்றில் அறுத்துப் பெயர்த்து எடுத்து, திரும்பப் பொருத்தி, செத்துப் பழுப்பாகிப்போன வட்டம். அவள் வீட்டுத் துணிக்கொடிக்குக் கீழே இதே மாதிரி நாலைந்து இருக்கின்றன.

காய்ச்சல். அன்றைக்கு மதியம் சூப் எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாளே! கதவைத் திறக்காமல் உள்ளேயிருந்து இருமினான். வாசலில் கழற்றிப் போட்டிருந்த பூட்ஸ் ஈரமாக இருந்தது. மேலெல்லாம் களிமண். காய்ச்சல்காரனின் பூட்ஸை அவள் ஒரு தரம் தாண்டிப் போனாள், திரும்பி வரும்போது இன்னொரு தரம் தாண்டினாள். கண் இருந்தும் பார்க்கவில்லை.

நாலு வருஷத்துக்கு முன் இடிந்த மடத்து நிலத்தில் அனுமதியில்லாமல் தோண்டி மாட்டிக்கொண்டவன் கோலின். மெஷினைப் பறிமுதல் செய்து, அடுத்த தடவை ஜெயில்தான் என்று சொல்லி அனுப்பினார் நீதிபதி. இனி சத்தியமாக இல்லை என்று அழுதான். மால்கம்தான் தன் பழைய மெஷினை அவனுக்குக் கொடுத்து, இனி தனியாகப் போகாதே, என் கண் முன்னால் தேடு என்றான்.

அவள் இன்னும் கிட்டே போய்க் குனிந்தாள். தேடல்காரன் பெண்டாட்டியாக இத்தனை வருஷம் இருந்தவளுக்குச் சில விஷயங்கள் தானாகத் தெரிந்துவிடும். மோதிரம் எடுக்க ஒரு டீக்கப் அளவுக்குத் தோண்டினால் போதும். இது வாளி அகலம் இருந்தது. அதைவிட, நடுவில் அரையடிக்கு அமுங்கி மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. எடுத்த மண்ணையெல்லாம் திரும்பப் போட்டும் குழி நிரம்பவில்லை என்றால் உள்ளேயிருந்து பெரிதாக ஏதோ போயிருக்கிறது.

"என்ன, உன் வீட்டுக்காரர் வேலையா?" என்றாள் பெரில்.

"இல்ல" என்றாள் மேவிஸ். "மால் அறுத்தா இப்படி இருக்காது. கூப்பிட்டு நூறு பேரைக் கேளு."

"அப்ப யாரு?"

மேவிஸ் வாட்சைப் பார்த்தாள். மணி ஒன்றே முக்கால்.

*

மியூசியத்திலிருந்து வந்த மிஸ் ஃபேர்பேர்னுக்கு முப்பது வயது இருக்கும். ரப்பர் பூட்ஸ், கையில் பலகையில் செருகிய காகிதம், காற்றில் பறக்கிற முடி. நல்ல பெண். அதுதான் கஷ்டமாக இருந்தது.

மால்கம் பழைய படிக்கட்டுப் பக்கம் ஒரு இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். வலது முட்டியை மடக்காமல் குனிந்து, கையால் அளந்து, ஆழம் சொன்னான். கோலின் பத்தடி தள்ளி ஜாக்கெட் பைகளில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நின்றான். மேலே கார் பார்க்கில் அவன் மீன் வேன் தெரிந்தது.

"ஒண்ணே ஒண்ணுதாங்க எனக்கு இடிக்குது" என்றாள் மிஸ் ஃபேர்பேர்ன். "மோதிரத்து எழுத்துக்குள்ள மணல் இல்ல. களிமண்ணுதான் இருக்கு. மேடு சரிஞ்சப்போ கூடவே விழுந்திருக்கலாம், நான் இல்லேன்னு சொல்லல. அதனாலதான் யாராச்சும் நேர்ல பாத்திருந்தா எனக்கு எழுதிக்க வசதி." மேவிஸ் பக்கம் திரும்பினாள். "நீங்க கூட இருந்தீங்க இல்லையா, மிஸஸ் கார்த்வெயிட்?"

மால்கம் நிமிர்ந்தான். அவன் கண்ணில் கெஞ்சல். கோலின் தன் பூட்ஸையே பார்த்தான்.

ஆமா என்று ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் தம்பி பிழைத்தான். சாயங்காலம் கிர்க்வுட் போலீசுக்குப் போன் செய்வார். எழுத்துக்குள் இருக்கும் களிமண்ணையும் அந்தக் குழியையும் யாராவது சேர்த்துப் பார்ப்பார்கள். அப்போது காகிதத்தில் இருக்கப்போவது கோலின் பெயர் இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு வாஷரைக்கூட அடுத்தவனுடையது என்றால் திருப்பிக் கொடுத்துவிடும் மனுஷனின் பெயர்.

"இல்லம்மா" என்றாள் மேவிஸ். "நான் இங்க இல்ல."

"மேவ்..." என்றான் மால்கம்.

"இவரும் இங்க இல்ல."

மிஸ் ஃபேர்பேர்னின் பேனா நின்றது. "அது எப்படிச் சொல்றீங்க?"

"அன்னிக்கு எங்க வீட்டுத் தொட்டியில மணல் இல்ல. நீங்க இவரைக் கட்டிக்கிட்டு ஒரு வாரம் குடித்தனம் பண்ணிப் பாருங்க, அப்பப் புரியும். இவர் கடற்கரைக்கு வந்திருந்தா, வாரக் கடைசி வரைக்கும் நான் மணல் அள்ளிக்கிட்டிருந்திருப்பேன்."

"என்னக்கா உளர்றே?" கோலின் இரண்டு அடி முன்னால் வந்தான்.

"நீ பேசாத. கிர்க்வுட் புல்வெளியிலேருந்துதான் நேரா வரேன்." மேட்டின் உச்சியைக் கையால் காட்டினாள். "வட்டமா அறுத்திருக்கே, கோலின். எத்தனை தடவை சொன்னாரு இவரு, மூணு பக்கம் அறுடா, ஒரு பக்கம் விடுடான்னு? அதைக் கேட்டிருந்தா இன்னிக்கு எனக்கே தெரிஞ்சிருக்காது."

தூரத்தில் தண்ணீர் திரும்ப ஏறத் தொடங்கியிருந்தது. கோலின் அழுவான் என்று மேவிஸ் நினைத்தாள். சின்ன வயதிலிருந்து மாட்டிக்கொண்டால் அவன் அதைத்தான் செய்வான். அவன் அழவில்லை.

"நான்தான்" என்றான் தரையைப் பார்த்து. "ஒரு தடவை பாத்துட்டு வந்துடலாம்னு போனேன். மோதிரம் வந்துடுச்சு. பயந்துபோய் மச்சானைக் கூப்பிட்டேன்."

"கடற்கரைக்குத்தான் கிளம்பினேன்" என்றான் மால்கம். மியூசியம் பெண்ணை மறந்துவிட்டுப் பெண்டாட்டியிடம் பேசினான். "பாதி வழியில போன் வந்துச்சு. நேரா இவன் வீட்டுக்குப் போயிட்டேன். திருப்பிப் புதைக்கச் சொன்னேன், மாட்டேன்னான். கிர்க்வுட்கிட்டப் போய் ஒத்துக்கலாம்டான்னேன், ஜெயில் ஜெயில்னு நடுங்கினான். சரி, மோதிரமாவது மியூசியத்துக்குப் போகட்டும், யாரும் விழுங்க வேணாம்னு நினைச்சேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம் இல்ல?"

"எப்படிச் சொல்றது? அன்னிக்குக் கோர்ட்டு வாசல்ல நீ அழுதியே, மேவ். சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு. அதை இன்னொரு தடவை என்னால பாக்க முடியாது."

அவளுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது, கையில் இருந்த பையால் நாலு சாத்து சாத்த வேண்டும் போலவும் இருந்தது. ஆட்டுக் கதவு விஷயமும் அப்போதுதான் புரிந்தது. அதைத் திறந்துபோட்டுவிட்டு வந்ததும் இந்தத் தம்பிதான். தொப்பியைக் கழற்றிக்கொண்டு போய் நின்றது இந்தப் புருஷன்.

மிஸ் ஃபேர்பேர்ன் காகிதத்தை மடித்தாள். "இதுக்கு மேல போலீஸ் இல்லாம நான் தனியா கேக்கக் கூடாதுங்க. உங்களுக்கே தெரியும். ஆனா நீங்களா ஒத்துக்கிட்டதையும் எழுதுவேன்."

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா, அதையும் எழுதிக்குங்க" என்றாள் மேவிஸ். தம்பியிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. "குழி வாளி அகலம் இருக்கு. நடுவுல அரையடி அமுங்கித் தண்ணி நிக்குது."

இது மற்றவர்களுக்குச் சாதாரணப் பேச்சு. இருபது வருஷம் குழி தோண்டியவனுக்கு அப்படி இல்லை. மால்கமின் முகத்தில் இருந்த வருத்தம் மெல்ல மெல்ல வடிந்து வேறு ஏதோவாக மாறுவதை அவள் பார்த்தாள்.

"அரையடியா?" என்றான்.

"அரையடி."

மால்கம் திரும்பினான். அவன் சத்தம் போடவில்லை. மேஜையைக் குத்தும்போது இருக்கும் கோபம்கூட அந்தக் குரலில் இல்லை.

"ஒண்ணுதான்னு சொன்னே, கோலின். என் கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னே. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல மச்சான்னு."

கோலினின் பார்வை ஒரே ஒரு நொடி மேலே கார் பார்க்குக்குப் போய்விட்டு வந்தது. அந்த ஒரு நொடி போதுமாக இருந்தது. மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மீன் வேனின் பின்கதவில் புதுப் பூட்டு வெயிலில் மின்னியது.

மேவிஸ் மணலில் கால் புதையப் புதைய நடந்து தம்பியின் முன்னால் போய் நின்றாள். சின்ன வயதில் அம்மாவின் பணப்பையிலிருந்து அவன் எடுத்ததைத் திருப்பி வாங்குவதற்கு நீட்டுகிற மாதிரியே உள்ளங்கையை நீட்டினாள்.

"சாவியைக் குடு."

ஜாக்கெட் பைக்குள் சாவிக்கொத்து ஒரு தரம் சிணுங்கியது. கை மட்டும் வெளியே வரவில்லை.